எட்டுப் பொருத்தமும் ஒரு வேலிப்பொட்டும்

அத்தியாயம் 14

"சாதகம் பொருந்தவில்லை" என்பது எங்கள் ஊர்களில் மரியாதையான பொய். மாப்பிள்ளையின் மூக்குப் பிடிக்கவில்லை, சம்பந்தியின் வாய் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லாமல், பழியைத் தூக்கிச் செவ்வாயின் தலையில் போட்டுவிடலாம். செவ்வாய் வந்து மறுத்துப் பேசப்போவதில்லை.

குணலட்சுமி போன கிழமை தரகர் அருளம்பலத்திடம் சொல்லி அனுப்பியதும் அதைத்தான். சிக்கல் என்னவென்றால், தன் மகள் வினோஜாவுக்கும் கோப்பாய்க் கணித ஆசிரியர் பிரகாஸுக்கும் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று அதற்கு முந்தின கிழமை நீர்வேலி முழுக்கச் சொல்லித் திரிந்தவரும் இதே குணலட்சுமிதான். பொம்பிளை பார்க்க வந்தவர்கள் கேக்கும் றோல்ஸும் சாப்பிட்டு, நாள் வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எட்டுப் பொருத்தமும் ஏழு நாளில் எந்தப் பக்கம் பறந்தன?

வியாழக்கிழமை காலை. சிவகரன் வேலைக்குக் கிளம்ப ஹெல்மெற்றைத் தேடிக்கொண்டிருந்தான். தங்கை வினோஜா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் படலையடியில் நின்றாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே?"

"கேள்."

"எனக்கு என்ன குறை?"

"குறையோ? ஆர் சொன்னது?"

"ஆரும் ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் கேக்கிறன். அம்மாவைக் கேட்டால் செவ்வாய் எண்டுறா. அண்ணியைக் கேட்டால் எழும்பிக் குசினிக்குப் போறா. என்னைப் பாத்திட்டுப் போன பிறகு தானே வேண்டாம் எண்டது? அப்ப என்னிலைதானே ஏதோ இருக்கோணும்?"

சிவகரனுக்கு உண்மையிலேயே தெரியாது. வேண்டாம் என்றது தங்கள் வீடுதான், அவர்கள் இல்லை என்பது மட்டும் தெரியும். அதை இவளிடம்கூட யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை என்பது இப்போதுதான் விளங்கியது.

"நான் அம்மாவோடை கதைக்கிறன்" என்றான். மூத்த பிள்ளைகள் வழக்கமாகத் தப்பி ஓடுகிற வாசல் அது.

குசினி யன்னலில் அவன் மனைவி உதயகலா நின்றாள். அவன் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவனுக்கு அப்போது நேரமாகிவிட்டது. கேட்காமலே போனான்.

அவன் வேலை செய்வது யாழ்ப்பாணப் பட்டினத்தில், 'சுகவழி' தனியார் மருத்துவ நிலையங்களின் தலைமை அலுவலகத்தில். நீர்வேலி, வட்டுக்கோட்டை, பட்டினம் என்று மூன்று கிளைகள். மூன்றின் தரவுகளும் அவன் கொம்பியூட்டருக்குத்தான் வந்து சேரும். நீர்வேலிக் கிளையின் கவுண்டரில் உதயகலாவுக்கு வேலை எடுத்துக் கொடுத்ததும் அவன்தான்.

பத்து மணிக்குப் பொறுப்பாளர் டினேஸ் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே போன சிவகரன் வாசலிலேயே நின்றுவிட்டான். நாற்காலியில், மடியில் ஹெல்மெற்றை வைத்துக்கொண்டு பிரகாஸ் இருந்தான். இரண்டு கிழமைக்கு முன் இவர்கள் வீட்டு விறாந்தையில் கூச்சத்தோடு கேக் சாப்பிட்ட அதே பிரகாஸ்.

"இருங்கோ அண்ணை. நான் சண்டை பிடிக்க வரேல்லை" என்றான் பிரகாஸ். "தரகர் எங்கடை அம்மாட்டைச் சொல்லிப்போட்டார். பொடியனுக்கு வலிப்பாம், வட்டுக்கோட்டையிலை மருந்து எடுக்கிறாராம், அதாலைதான் பொம்பிளை பகுதி விட்டவையாம் எண்டு. மருந்தின்ரை பேரும் சரி, எத்தினை மில்லிகிராம் எண்டதும் சரி. அது உங்கடை மருந்தகத்தைத் தவிர வேறை எங்கையும் இல்லை."

சிவகரனுக்குக் காது இரண்டும் சூடேறின. செவ்வாய் எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்துவிட்டது.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. தடிமன் காய்ச்சல் என்றால் சந்தியில் இருக்கிற டொக்டர். வெளியே சொல்ல முடியாத வருத்தம் என்றால் நாலு ஊர் தாண்டியிருக்கிற டொக்டர். கோப்பாயில் இருக்கிறவர் நீர்வேலிக் கிளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வட்டுக்கோட்டைவரை மோட்டார் சைக்கிள் ஓடுவது அங்கே மருந்து நல்லது என்பதற்காக அல்ல. அங்கே அவரைத் தெரிந்த முகம் இல்லை என்பதற்காக. இந்தப் பழக்கம் தெரிந்துதான் சுகவழியில் அந்த விதியே வைத்தார்கள்: நீர்வேலிக் கவுண்டரில் இருப்பவருக்கு நீர்வேலி ஆட்களின் நிரைகள், அதாவது அவர்களுடைய பதிவு வரிகள், மட்டும் தெரியவேண்டும். வட்டுக்கோட்டை நிரை ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது. அந்த விதியைக் காப்பாற்றத்தான் சிவகரனுக்குச் சம்பளம்.

"நான் பாக்கிறன். எங்கை பிழை நடந்ததெண்டு..." என்று சிவகரன் தொடங்கினான்.

"என்னைப் பற்றித் தெரிஞ்சால் தெரிஞ்சதுதான், பரவாயில்லை" என்று பிரகாஸ் எழுந்தான். "இது என்னோடை நிக்கட்டும். இன்னும் கிண்டிக்கொண்டு போக வேண்டாம். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

போகும்போது அவன் வினோஜாவைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சிவகரனுக்கு இருந்தது.

பிழையைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. வைத்தியரைக் காண வருகிறவர்களின் பதிவு ஒன்று, மருந்தகத்தில் மருந்து வாங்குகிறவர்களின் பதிவு ஒன்று. இரண்டும் தனித்தனியாக இருந்தவரை இரண்டுக்கும் தனித்தனி வேலி, அதாவது மற்றக் கிளைகளின் நிரைகளை மறைக்கிற கட்டுப்பாடு, இருந்தது. போன மாதம் பணிப்பாளர் இரண்டையும் சேர்த்து ஒரே அறிக்கையாகக் கேட்டார். சிவகரன் சேர்த்தான். வைத்தியர் பதிவின் வேலி அப்படியே வந்தது. அது மருந்தகப் பக்கத்தையும் சுற்றிக்கொள்ளும் என்று விட்டுவிட்டான். சுற்றாது. இரண்டு வளவை ஒன்றாக்கினால் புது வளவுக்கு மறுபடி வேலி அடைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் பொட்டு விழும், வேலியில் ஓட்டை. ஆடும் போகலாம், ஆளும் போகலாம்.

இது அவனுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். சோதித்தும் பார்த்தான், பாதி. அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நீர்வேலிக் கவுண்டரின் கணக்கால் உள்ளே போய் முதல் பக்கத்தைப் பார்த்தான். நீர்வேலி நிரைகள் மட்டும்தான் தெரிந்தன. மருந்தகப் பதிவு இருக்கிற இரண்டாம் பக்கத்துக்குப் போக முன்னர் அம்மா போன் எடுத்தார். "நாளைக்கு மாப்பிள்ளை பகுதி வருகினம். கேக் கடையைப் பூட்டப்போறான், கெதியா எடுத்துக்கொண்டு வா." கொம்பியூட்டரை மூடிவிட்டு ஓடினான்.

பிரகாஸ் சாப்பிட்டது அந்தக் கேக்கைத்தான்.

சிவகரன் முதலில் அந்த அறிக்கையை எல்லாக் கிளைகளுக்கும் மூடினான். பிறகு யார், எப்போது, எதைத் தேடினார்கள் என்ற பதிவைத் திறந்தான். நீர்வேலிக் கவுண்டரின் கணக்கில் ஆறு பெயர்கள் தேடப்பட்டிருந்தன. முதல் பெயர் பிரகாஸ், மூன்று தடவை. பிறகு ஊரில் நாலு பேர். கடைசியாக: இராசநாயகம் குணலட்சுமி.

அந்தக் கணக்கை நீர்வேலியில் மூன்று பெண்கள் பாவிக்கிறார்கள். ஆனால் குணலட்சுமி என்ன மருந்து எடுக்கிறார் என்று அறிய ஆசைப்படக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். அவருடைய மருமகள்.

அம்மாவின் பெயரில் ஏதாவது நிரை இருந்ததா? அவர் மாதத்தில் இரண்டு புதன்கிழமை பட்டினத்துக்கு, சந்தைக்கு என்று போய் வெறும் பையோடு திரும்புவது சிவகரனுக்கு நினைவு வந்தது. அந்த நிரையை அவன் திறக்கவில்லை. அன்றைக்கு அவன் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

ஏனென்றால் அடுத்ததைத் திறந்தான்.

அறிக்கை எழுதுவதற்கு நிரையின் இலக்கம் போதும். உள்ளே பார்க்கத் தேவையில்லை. அவனுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளை. எவ்வளவு கடுமையான வருத்தம், எத்தனை வருடமாக என்று அறிய மனம் அரித்தது. பிரகாஸின் நிரையில் இருந்த, வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டின் இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு, வட்டுக்கோட்டை வைத்தியரின் பதிவுக்குள் போனான். அவனுக்கு எல்லாக் கதவும் திறக்கும்.

நோயாளி பிரகாஸ் இல்லை.

பெண். வயது பத்தொன்பது. அதே கோப்பாய் முகவரி, அதே தகப்பன் பெயர். பிரகாஸின் தங்கை. அவளுடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதை அறிந்தவர்கள் ஏற்கனவே ஒருவர் அதிகம்.

வைத்தியரிடம் பெயரை மறைக்க முடியாது. மருந்தகத்தில் முடியும். கலியாணமாகாத குமர்ப்பிள்ளையின் பெயர் ஒரு மருந்துப் புத்தகத்திலும் இருக்கக்கூடாது என்று, கவுண்டரில் கேட்டபோது அண்ணன்காரன் தன் பெயரையும் தன் நம்பரையும் கொடுத்திருக்கிறான். உதயகலா கண்டது வேலியில்லாத மருந்தகப் பக்கத்தை மட்டும். அதில் இருந்தது பாதி உண்மை. மீதிப் பாதியை வேலி சரியாகத்தான் மறைத்திருந்தது.

'இது என்னோடை நிக்கட்டும்' என்று பிரகாஸ் சொன்னது ஏன் என்று இப்போது விளங்கியது. சிவகரன் முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டான். அவனும் ஒரு தங்கைக்கு அண்ணன்தான். அந்த அண்ணன் தன் தங்கையை மறைக்கத் தன்னைக் கொடுத்திருக்கிறான். இந்த அண்ணன் கேக் வாங்கப் போயிருக்கிறான்.

டினேஸ் பொட்டைப் பற்றியும் தேடப்பட்ட பெயர்களைப் பற்றியும் கேட்டுவிட்டு மேசையில் விரலால் தட்டினார். "பொட்டு உன்ரை பிழை. அதை எழுதித் தா. ஆனால் தேடினது ஆர்? மூண்டு பேர் ஒரு கணக்கைப் பாவிக்கினம். இன்னார் எண்டு தெரியாட்டிப் பணிப்பாளர் மூண்டு பேரையும் நிப்பாட்டச் சொல்லுவார்."

"நாலு மணிக்குள்ளை சொல்லுறன் அண்ணை" என்று சிவகரன் மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

நீர்வேலிக் கிளைக்குப் பின்னால் ஒரு வேம்பு. சாப்பாட்டு நேரம். உதயகலா அவன் முகத்தைப் பார்த்ததுமே சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டாள்.

"நீர் தேடினீரோ?"

"நான் தேடிப் போகேல்லை. அது முன்னுக்கு வந்து நிண்டது..."

"மூண்டு தரம் வந்து நிண்டதோ?"

உதயகலா ஒரேயடியாகக் கொட்டினாள். "உங்கடை தங்கச்சிக்காகத்தானே பாத்தனான்! நாளைக்கு ஏதும் நடந்தால், அங்கை வேலை செய்த அண்ணிக்குத் தெரியாதோ எண்டு என்னைத்தானே கேப்பினம்? மாமிக்கு மட்டும்தான் சொன்னனான்."

மருமகள் மாமிக்கு மட்டும் சொன்னாள். மாமி தரகருக்கு மட்டும் சொன்னார், அவர் காரணம் கேட்டு அரித்தார் என்று. தரகர் பிரகாஸின் தாய்க்கு மட்டும் சொன்னார். இந்த 'மட்டும்' என்கிற சொல்லைப்போல ஊர் சுற்றுகிற சொல் தமிழில் வேறு இல்லை.

"அம்மாவின்ரை பேரையும் தங்கச்சிக்காகவோ பாத்தனீர்?"

அவளுக்குக் கண் நிறைந்தது. "பிழைதான். ஒருக்கால் தட்டினவுடனை எல்லாம் வருது. பிறகு கை நிக்கேல்லை. வெக்கமாக் கிடக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "என்ரை பேரைக் குடுக்கப் போறியளோ?"

"முதல் என்ரை பேர். பிறகு உம்மடை பேர்."

"நான் எண்டு ஆருக்கும் தெரியாதே. கணக்கு மூண்டு பேருக்கும் பொதுதானே."

"அதுதான் பயம். ஜெயனிக்கு ரெண்டு பிள்ளையள். செய்யாத வேலைக்கு அவ வீட்டை போறதோ?"

உதயகலா கிளையின் பின்கதவைப் பார்த்தாள். உள்ளே கவுண்டரில் ஜெயனி யாருக்கோ இலக்கம் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "சரி, எழுதுங்கோ" என்றாள்.

நாலு மணிக்கு முன்னரே சிவகரன் எழுதிக் கொடுத்தான். வேலி போடாதது: சிவகரன். தேடியது: உதயகலா சிவகரன், ஆறு பெயர்கள். தேவையில்லாமல் வட்டுக்கோட்டை வைத்தியப் பதிவு ஒன்றைத் திறந்தது: சிவகரன், முற்பகல் பதினொன்று இருபது. கடைசி வரியை எழுதும்போது கை நின்றது. தேடல் பதிவைப் பார்க்கிறவனும் அவன்தான்; அதை எழுதாவிட்டால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் எழுதினான்.

டினேஸ் வாசித்துவிட்டு, "ரெண்டு பேரும் நாளையிலை இருந்து வரவேண்டாம். விசாரணை முடியட்டும்" என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "அந்தப் பதிவிலை என்ன கண்டனீ?" என்று கேட்டார்.

"சொல்ல ஏலாது அண்ணை."

"நல்லது" என்றார் டினேஸ்.

வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை. குணலட்சுமி முற்றத்தில் சுளகோடு இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வினோஜா முன்பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கலர்த்தாளில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். உதயகலா அவனுக்கு முன்னரே வந்து, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். சிவகரன் நின்றபடியே நடந்ததைச் சொன்னான். வட்டுக்கோட்டைப் பதிவில் கண்டதை மட்டும் சொல்லவில்லை.

வினோஜாவின் கத்தரிக்கோல் நின்றது. "அப்ப செவ்வாய் இல்லையோ?"

குணலட்சுமி சுளகைக் கீழே வைக்கவில்லை. "என்ன பெரிய குற்றம் செய்துபோட்டம்? பொம்பிளைப் பிள்ளையைக் குடுக்கேக்கை விசாரிக்காமல் குடுக்கிறதோ? முந்தி ஆள் விட்டு விசாரிச்சம். இப்ப மெசினை விசாரிச்சம்."

"அம்மா, அது களவு."

"களவு ஒளிச்சவைக்குத்தான். மடியிலை கனம் இருந்தால்தானே வழியிலை பயம்? எங்களிட்டை ஒளிக்க என்ன கிடக்கு?"

அம்மாவின் புதன்கிழமை வெறும் பை சிவகரனின் நாக்கின் நுனிவரை வந்துவிட்டுத் திரும்பியது.

"ஒண்டு சொல்லு" என்றார் குணலட்சுமி. "பாத்த விதம் பிழையெண்டே வைப்பம். பாத்த விஷயம் பிழையோ? பொடியனுக்கு வருத்தம் இருக்கோ, இல்லையோ? நீ அங்கை எல்லாம் பாக்கிறனிதானே, சொல்லு!"

இல்லை என்ற ஒரு சொல் போதும். தங்கையின் கலியாணம் திரும்ப எழுந்து நிற்கும். உடனே அடுத்த கேள்வி வரும்: அப்ப அந்த மருந்து ஆருக்கு? அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அம்மா ஒரு நொடியில் எண்ணிவிடுவார். தன் தங்கையை வாழவைக்க இன்னொருவனின் தங்கையைச் சந்திக்கு இழுக்கவேண்டும்.

"சொல்ல ஏலாது அம்மா."

"அப்ப ஓம் எண்டுதான் அர்த்தம்" என்று குணலட்சுமி அரிசியைப் புடைத்தார்.

வினோஜா அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் 'எனக்கு என்ன குறை' என்று கேட்டவள் அவள்தான். மெல்ல எழுந்து உள்ளே போய், சாதகத்தோடு வந்த தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் பிரகாஸின் நம்பர் இருந்தது.

"என்னடி செய்யிறாய்?" என்றார் தாய்.

"வேண்டாம் எண்டதும் என்னைக் கேக்காமல்தானே. மன்னிப்பாவது நான் கேக்கிறன்." போனை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டாள்.

இரண்டாம் மணியில் பிரகாஸ் எடுத்துவிட்டான்.

"நான் வினோஜா கதைக்கிறன். நீர்வேலி."

"சொல்லுங்கோ" என்று வந்தது.

"சாதகம் பொருந்தினது. எங்கடை வீட்டிலை சொன்னது பொய். உங்கடை மருந்து விபரத்தை ஒளிச்சுப் பாத்துப்போட்டுச் சொன்ன பொய். நினைக்க நினைக்க எனக்கு உடம்பு கூசுது. எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பதிலுக்குக் காத்திராமல் வினோஜா தொடர்ந்தாள்.

"ஒண்டு கேக்கட்டே? விருப்பம் இல்லாட்டிச் சொல்ல வேண்டாம். வருத்தம் இருந்தாலும் எனக்கு அது ஒரு குறை இல்லை. ஆனால் அதை நீங்கள்தான் எனக்குச் சொல்லோணும், மெசின் இல்லை. அந்த மருந்து உங்களுக்கோ?"

போனுக்குள் தூரத்தில் ஓர் இளம் பெண்குரல் கேட்டது. "ஆர் அண்ணா?"

பிறகு பிரகாஸின் குரல், தெளிவாக.

"ஓம். எனக்குத்தான்."

குணலட்சுமி சுளகை ஒரு தட்டுத் தட்டினார். "கேட்டியளோ? அவரே சொல்லுறார். நான் சொன்னது பொய்யோ?"

வினோஜா தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது அண்ணனை. சிவகரன் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, தோள் குலுங்க நின்றான்.

"அவர்தான் ஓம் எண்டு சொல்லிப்போட்டாரே" என்றாள் வினோஜா மெதுவாக. "நீங்கள் ஏன் அண்ணை அழுறியள்?"

கோப்பாய்ப் பக்கத்தில் போன் இன்னும் வைக்கப்படவில்லை.